எட்டு நிமிடத்தில் எழுந்துவிட்டது

எண் 0.93 என்று வந்தது. 0.90 வந்தாலே போதும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது.

நரசிம்மலு தன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, அன்புக்கரசியின் பின்னால் நின்று திரையைக் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"அம்மணி, தாண்டிப்போட்டமில்ல!" என்றார். "இந்த ஒரு நெம்பரை வெச்சுட்டு நாப்பது மில்லுக்குள்ள நொழைஞ்சரலாம்."

பீளமேட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அவருடைய கம்பெனி. ஐந்து கம்ப்யூட்டர், ஏழு பேர். அந்த 1997ஆம் வருஷம் அவர்கள் நூற்பாலைகளுக்காக ஒரு புரோகிராம் எழுதி முடித்திருந்தார்கள். ரிங் பிரேம் என்கிற நூற்கும் இயந்திரத்துக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கத்தில் இருநூறு கதிருக்கு மேல் சுழலும். இழை அறுந்துகொண்டே இருக்கும். அறுந்ததை ஓடி ஓடி ஒட்ட வேண்டும். அந்த வேலை செய்கிறவர்களுக்கு சைடர் என்று பெயர். ஒரு சைடருக்கு நான்கு பக்கம் என்பது நடைமுறை. புரோகிராம் என்ன செய்யுமென்றால், எத்தனை இழை அறுந்தது, எவ்வளவு நேரத்தில் ஒட்டப்பட்டது என்று எண்ணும். எண்ணிப் பார்த்து இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டும், குறைக்கும். ஒரு ஆளுக்கு எத்தனை பக்கம் கொடுக்கலாம் என்றும் சொல்லும். வாரத்துக்கு வாரம் கற்றுக்கொண்டு தன்னையே மாற்றிக்கொள்ளும்.

அதை எழுதியது அன்புக்கரசி அல்ல. அது நல்ல புரோகிராமா, இல்லையா என்று எண் போட்டுச் சொல்வதுதான் அவள் வேலை.

லேசான வேலை இல்லை. மார்க் பட்டியல் போடுகிற புரோகிராம் என்றால், இதைக் கொடுத்தால் இது வர வேண்டும். வந்தால் சரி, வராவிட்டால் தப்பு. இது அப்படி இல்லை. நேற்றுக் கேட்ட கேள்வியையே இன்றைக்குக் கேட்டால் வேறு பதில் சொல்லும். தப்பா என்று கேட்டால், கற்றுக்கொண்டிருக்கிறது என்பார்கள். இப்படி மாறிக்கொண்டே இருக்கிற ஒன்றின் தரத்தை எப்படி அளப்பது? இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு அன்புக்கரசி ஒரு மாதிரிக் கணக்கைக் கட்டினாள். தள்ளிவிட்டுப் பார்ப்பதுதான் அந்தக் கணக்கு. ஈரக்காற்று விசிறியை இருபது நிமிடம் நிறுத்து; இழை கண்டபடி அறும். எவ்வளவு விழுகிறது என்று பார். எவ்வளவு நேரத்தில் எழுந்து பழைய நிலைக்கு வருகிறது என்று பார். எழுந்த பிறகு ஆடாமல் நிற்கிறதா என்று பார். மூன்றுக்கும் தனித்தனி எண், அவற்றுக்குப் பங்கு வைத்துக் கூட்டி ஒரே எண். அது 1.00க்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது.

சூலூருக்கு அந்தப் பக்கம் ஒரு மில்லில் மூன்று வாரம் சோதனை செய்தார்கள். விசிறியை நிறுத்தினார்கள். மட்டமான பஞ்சைக் கலந்துவிட்டார்கள். விழுந்தது, எழுந்தது. 0.92, 0.95, 0.91. சேர்த்து 0.93.

அந்த மில்லில் அவளுடைய சின்னம்மா காளியாத்தாள் சைடராக இருந்தாள். இதை அன்புக்கரசி ஆபீசில் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்றது சின்னம்மாதான். "உள்ற வந்தீன்னா என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காதே கண்ணு. சைடரு பொண்ணு கம்ப்யூட்டரைக் கொண்டாந்துட்டான்னு பேசுவானுக. உன்ற மதிப்புப் போயிரும்." அம்மாவும் அப்பாவும் வெள்ளகோவிலில் கூலிக்குக் களை எடுத்துக்கொண்டிருக்க, காலேஜில் படித்த மூன்று வருஷமும் அன்புக்கரசி சாப்பிட்டு வளர்ந்தது சின்னம்மாவின் லைன் வீட்டில்தான்.

மில் நிர்வாகி தம்பிதுரை முதலாளி குடும்பத்துக்காரர். முதல் நாள் வாசல் வரை வந்து அழைத்துப்போனார். "வாங்கம்மணி, உக்காருங்க, மோர் குடிக்கிறீங்களா? எந்தூருங்க நம்மளுக்கு?"

"வெள்ளகோவிலுங்க."

"அட, நம்ம ஊருப் பக்கந்தான். வெள்ளகோவில்ல யாரூடு?"

"காலனிங்க."

மோர் வந்தது. ஆனால் அன்றிலிருந்து அவர் பேச்சில் 'ங்க' பாதியாகக் குறைந்துபோனது.

0.93 வந்த அந்த வார ஞாயிற்றுக்கிழமை அன்புக்கரசி சின்னம்மா வீட்டுக்குப் போனாள். அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி வைத்திருந்தாள் சின்னம்மா. தட்டில் போட்டு நெய்யை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"நொழையற எடத்துல பெரிய டிவியாட்ட ஒண்ணு மாட்டியிருக்குது கண்ணு. அதுல என்ற பேருக்கு நேரா ஆறுன்னு போட்டிருந்துச்சு. ஒண்ணாந்தேதியிலிருந்து ஆறு பக்கமாமா."

"அது இன்னும் முடிவாகலை சின்னம்மா. எங்க ரிப்போர்ட் போகோணும்."

"ஆறு பக்கத்துக்கு ஓடறக்கு காலு கெடக்குது, அது கெடக்கட்டும். நாச்சியாளுக்கும் ஆறுன்னுதான் போட்டிருக்குது. அவளுக்கே ஆறுன்னா என்ற பக்கத்தை ஆரு பாப்பாங்க?"

அன்புக்கரசியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

கர்ப்பப்பையை எடுத்த இந்த இரண்டு வருஷமாகச் சின்னம்மாவுக்கு மூத்திரம் நிற்காது. ஒரு ஷிப்டில் எட்டுத் தடவை, ஒன்பது தடவை போக வேண்டும். கக்கூஸ் பஞ்சுக் கிடங்குக்குப் பின்னால் இருந்தது. போய்வர ஆறேழு நிமிடம். அந்த நேரத்தில் பக்கத்து சைடர் நாச்சியம்மாள் இவள் பக்கத்தையும் சேர்த்து ஒட்டுவாள். கேட்கவெல்லாம் வேண்டாம். அந்தச் சத்தத்தில் கேட்கவும் முடியாது. சின்னம்மா தலையை ஒருபக்கம் சாய்ப்பாள். நாச்சியம்மாள் கண்ணை மூடித் திறப்பாள். அவ்வளவுதான். இவர்கள் இருவர் மட்டும் அல்ல, கூடத்தில் எல்லோரும் அப்படித்தான். தூரமான நாளில், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு தூங்காமல் வந்த நாளில், மயக்கமாக வந்த நாளில் ஒருத்தி பக்கத்தை இன்னொருத்தி பார்ப்பாள்.

இது அன்புக்கரசிக்குத் தெரியாததா? காலேஜ் லீவில் இரண்டு மாதம் அதே மாதிரி ஒரு மில்லில் சைடராக நின்றிருக்கிறாள். அவளே எத்தனையோ பேர் பக்கத்தைப் பார்த்திருக்கிறாள். வெளியாள் ஒருவன் இந்தக் கணக்கைக் கட்டியிருந்தால், ஆள் நகர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பான். இவள் கேட்கவில்லை. மூச்சு விடுவதை யாராவது கணக்கில் எழுதுவார்களா? தெரிந்திருந்ததால்தான் எழுதாமல் விட்டாள்.

புரோகிராமுக்கு நாச்சியம்மாளைத் தெரியாது. காளியாத்தாள் கக்கூசில் இருந்த நேரத்திலும் காளியாத்தாள் ஒட்டியதாகத்தான் அதன் கணக்கு. அறுந்த இழை ஆறேழு நிமிடம் கிடக்க வேண்டிய இடத்தில் ஒரு நிமிடத்தில் ஒட்டப்பட்டுவிட்டது. ஆகவே இவளுக்குக் கை மிச்சம் இருக்கிறது. ஆகவே ஆறு பக்கம். விழுந்ததைத் தூக்கி நிறுத்தியது புரோகிராம் அல்ல, பொம்பளைகள். 0.95 என்று எழும் வேகத்துக்கு அன்புக்கரசி போட்ட எண் அவர்களுடைய கால் ஓட்டம்.

"சோத்தைத் திங்காம என்னத்தைக் கண்ணு யோசனை?" என்றாள் சின்னம்மா. "மில்லு சத்தத்துல காதும் மந்தமாப் போச்சு, இனி நான் வேற எங்கெ போயி வேலை கேக்கறது? ரிங் பிரேமுதான் எனக்குத் தெரியும். நாச்சியா இருக்கறவரைக்கும் ஓட்டிப்போடலாம்னு இருந்தேன்."

திங்கட்கிழமை காலையில் அன்புக்கரசி நரசிம்மலுவின் மேசை முன்னால் போய் நின்றாள்.

"சார், ரிப்போர்ட்டை நிறுத்திருங்க. தப்பா இருக்குதுங்க."

"கூட்டல்ல தப்பா?"

"கூட்டல் சரிங்க. அளந்ததே தப்புங்க." அவள் சொன்னாள். கக்கூஸ் என்ற வார்த்தையைச் சொல்லாமல், ஆள் இடத்தை விட்டு நகர்கிற நேரம் என்று சுற்றிவளைத்துச் சொன்னாள்.

நரசிம்மலு கெட்டவர் இல்லை. முழுக்கக் கேட்டார். பேனாவால் காதைச் சொறிந்துகொண்டார். "சரி, நீ சொல்றது நெசம்னே வெச்சுக்குவோம். அது எவ்வளவு? பத்துல ஒண்ணா, நூத்துல ஒண்ணா? வாங்கறவன் கேப்பான். அதுக்கொரு நெம்பரைக் கொண்டா அம்மணி. நெம்பர் இல்லாம நீ சொன்னா அது வெறும் பேச்சு."

இதே வாக்கியத்தை அவளே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

ஒரே ஒரு ஷிப்டு கிடைத்தது. வியாழக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து மூன்றரை வரை. அந்த நேரம் யாரும் யார் பக்கத்தையும் பார்க்கக் கூடாது. அப்படி விட்டால் எண் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். 0.90க்குக் கீழே போய்விட்டால் ஆறு பக்கம் என்கிற பேச்சே நின்றுபோகும்.

ஆறே முக்காலுக்குக் கூடத்து வாசலில் பதினாறு சைடர்களையும் நிறுத்தினார்கள். தம்பிதுரையும் பக்கத்தில் நின்றார். அன்புக்கரசிக்கு வாய் வரை வந்தது: எத்தனை தடவை வேண்டுமானாலும் ஒண்ணுக்குப் போங்க, அடக்காதீங்க, இழை கிடந்தால் கிடக்கட்டும். ஆம்பளைகள் நடுவில், அதுவும் அவர் முன்னால், அதைச் சொல்ல வரவில்லை. "எல்லாரும் எப்பவும் போல இருங்க. பக்கத்தாளு பக்கத்தை மட்டும் இன்னைக்கு ஒரு நாள் பாக்க வேண்டாம்," என்று மட்டும் சொன்னாள்.

சின்னம்மா அவளைப் பார்க்காமல் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டுப் பத்துக்குச் சின்னம்மா தலையைச் சாய்த்துவிட்டு நடந்தாள். அவள் பக்கத்தில் ஒன்று, நான்கு, ஒன்பது என்று இழை அறுந்து, பஞ்சு உருளையில் சுற்ற ஆரம்பித்தது. நாச்சியம்மாள் தன் இடத்தில் நின்று பார்த்தாள். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள். அவிழ்த்தாள். ஓடினாள்.

அன்புக்கரசி போய் அவள் காதோடு வாயை வைத்துக் கத்தினாள். "அக்கா, தொடக் கூடாதுன்னு சொன்னனில்லீங்க?"

"நிக்கோணும்னுதான் அம்மணி பாக்கறேன். இந்தக் கை நிக்க மாட்டேங்குதே! கண்ணு முன்னால சுத்திட்டுக் கெடக்குது, எப்படிப் பாத்துட்டு நிக்கறது?"

ஒன்பது மணிக்குச் சின்னம்மா மறுபடி போனாள். நாச்சியம்மாள் இரண்டு கையையும் கக்கத்தில் கொடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். எதிர் வரிசையிலிருந்து ஒரு சின்னப் பெண் ஓடிவந்து ஒட்டினாள். "அந்தக்கா பாக்கலீங்க, அதான் நான் வந்தேன்," என்று சிரித்தாள்.

தம்பிதுரைக்குச் சிரிப்பு வரவில்லை. மேஸ்திரியைக் கூப்பிட்டார். மேஸ்திரி வரிசை வரிசையாகப் போய்ச் சொன்னான்: இனி அடுத்தவள் பக்கத்தில் கை வைத்தவளுக்கும் மெமோ, இடத்தை விட்டு நகர்ந்தவளுக்கும் மெமோ.

"நகர்ந்தா மெமோ வேண்டாமுங்க," என்றாள் அன்புக்கரசி. "நகரணுமுங்க. நகர்ந்தாத்தான் டெஸ்டுங்க."

"நீ கேட்டது நடக்குதில்ல அம்மணி? ஒருத்தி இன்னொருத்திதுல கை வெக்க மாட்டா. போயி உன்ற மிசினைப் பாரு."

அவள் கூடத்தை ஒட்டிக் கம்ப்யூட்டர் வைத்திருந்த கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்தாள். திரையில் கூடத்தின் ஓட்டத்தைக் காட்டும் பச்சைக் கோடு போய்க்கொண்டிருந்தது. விழ வேண்டும். பத்து மணி, விழவில்லை. பத்தரை, விழவில்லை. ஒரு கோடு கீழே இறங்க வேண்டும் என்று அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டாள். பதினொன்றேகால் ஆனபோது கண்ணாடி வழியாகக் கூடத்தைப் பார்த்தாள். பதினாறு பேரும் இடத்தில் இருந்தார்கள். இரண்டே கால் மணி நேரமாக ஒருத்தியும் வெளியே போகவில்லை. சின்னம்மா இரண்டு இயந்திரத்துக்கும் நடுவில் கட்டை போல நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தாள், கால்களை ஒட்டி ஒட்டி வைத்து.

அன்புக்கரசி ஓடினாள். காதருகே போனாள். "சின்னம்மா, போயிட்டு வா."

"எனக்கு ஒண்ணும் வல்லெ. நீ உள்ற போ, மொதலாளி பாக்கறாரு."

"நீ போனாத்தான் எனக்கு வேலையாகும். கோடு கீழ வரோணும் சின்னம்மா. போயிட்டு வா."

சின்னம்மா ஒரு இழையை ஒட்டிவிட்டுத் திரும்பினாள். முகமெல்லாம் வேர்வை. "எனக்குத் தெரியாதா கண்ணு? உன்ற மார்க் கொறைஞ்சா ஆபீசுல உன்னை என்ன பேசுவாங்க? அதுக்குத்தான் இப்படி மாத்திச் சொல்றெ. அவளுக அத்தனை பேருகிட்டயும் சொல்லிப்போட்டேன், பரீச்சை எழுதறது நம்ம புள்ளைன்னு. மூணரை வரைக்கும் ஆரும் நகர மாட்டாங்க. நீ போ."

அன்புக்கரசி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். சின்னம்மா உதறினாள். கண்ணாடி அறை வாசலில் தம்பிதுரை நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றரைக்குச் சங்கு ஊதியது. கூடத்தில் ஈரக்காற்று ஊதுவதால் யாருடைய சேலையும் கொஞ்சம் நனைந்துதான் இருக்கும். சின்னம்மா சேலைக்கு மேல் போட்டிருந்த மில் சட்டையைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு எல்லோரும் போன பிறகு கடைசியாக வெளியே போனாள். அவள் நின்ற இடத்தில் தரை ஈரமாக இருந்தது. நாச்சியம்மாள் கழிவுப் பஞ்சை ஒரு கை அள்ளி அதன் மேல் போட்டுக் காலால் தேய்த்துவிட்டுப் போனாள்.

0.93, 0.97, 0.94. சேர்த்து 0.95.

"காலைல ரெண்டு மணி நேரம் கொஞ்சம் ஆடியிருக்குது. அது சரி, டெஸ்டு ஆரம்பிக்கறப்ப எப்பவும் இருக்கறதுதான், அதை எடுத்தறலாம்," என்றார் நரசிம்மலு. "மத்தபடி எச்சாத்தானே வந்திருக்குது? இப்ப என்னங்கறே?"

"அடக்கிட்டு நின்னாங்க சார். ஆறு மணி நேரத்துக்கு மேல அடக்கிட்டு நின்னாங்க. எங்க சின்னம்மா நின்ன எடத்துலயே..."

நரசிம்மலு பேனாவைக் கீழே வைத்தார். "உன்ற சின்னம்மாவா?"

அவள் தலையாட்டினாள்.

"சொந்தக்காரங்களை உள்ற வெச்சுட்டா டெஸ்டு பண்ணுனே? வெளிய தெரிஞ்சா இந்த ரிப்போர்ட்டும் போச்சு, இதுக்கு முன்னால போட்டதும் போச்சு. ஏம்மணி, படிச்ச புள்ளைதானே நீ?" குரலை இறக்கினார். "பாவந்தான், இல்லீங்கலை. ஆனா அடக்கிட்டு நின்னாங்கங்கறதை நான் எந்தக் கட்டத்துல எழுதறது? ஆள் நகர்ந்த நேரம்னு நீயே ஒரு கட்டம் போட்டிருக்கறே. அதுல என்ன இருக்குது?"

"பூச்சியமுங்க."

"அப்பறம்?"

சாயந்தரம் மற்றவர்கள் பஸ்ஸுக்குப் போனபிறகு அவள் தன் இடத்தில் உட்கார்ந்து பங்குகளை மாற்றிப் பார்த்தாள். விழும் அளவுக்குப் பாதிப் பங்கு கொடுத்தாள். எழும் வேகத்துக்கு ஒன்றுமே கொடுக்காமல் பார்த்தாள். முழுப் பங்கையும் கடைசி எண்ணுக்கே கொடுத்தாள். 0.94. 0.93. மூன்று எண்ணும் 0.90க்கு மேலே இருக்கும்போது எந்தப் பங்கு வைத்துக் கூட்டினாலும் கீழே வராது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம். தெரிந்தும் முக்கால் மணி நேரம் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். போடாவிட்டால் நரசிம்மலு போட்டிருப்பார். எண் அதேதான்.

ஞாயிற்றுக்கிழமை சின்னம்மா சிரித்த முகமாக இருந்தாள். வயிற்றுக்குக் கீழே வலிக்கிறது என்று கட்டிலில் படுத்தபடியே பேசினாள். "மொதலாளி சொல்லீட்டிருந்தாராமா, முன்னைக்கும் எச்சா மார்க்குன்னு. லைன்ல அத்தனை பேரும் கேட்டாங்க கண்ணு. நாச்சியாளுக்குத்தான் சித்தெ மொகமில்லெ, ஆறு பக்கம் உறுதியாயிருச்சுன்னு. அது எப்படியும் வரத்தானே போகுது, இந்தப் புள்ளை மேல என்ன கோவம்னு நாந்தான் அவளைத் திட்டிப்போட்டேன்."

"என்னாலதான் சின்னம்மா வந்துச்சு."

"போ கண்ணு. உன்னால என்ன ஆகும்?" என்றாள் சின்னம்மா, ஆறுதலாக.

ஒன்றாம் தேதியிலிருந்து ஆறு பக்கம். மில்லிலிருந்து வாரத்துக்கு ஒரு பிளாப்பி ஆபீசுக்கு வரும். அதைப் போட்டுப் பார்த்து எண்களைக் குறித்து வைப்பது அன்புக்கரசியின் வேலை. முதல் வாரம் ஒன்றும் இல்லை. இரண்டாம் வாரப் பிளாப்பியில், பதினோராம் தேதி, முதல் ஷிப்டு, பதினொன்று நாற்பதுக்குக் கோடு ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

அது என்ன பள்ளம் என்று அவளுக்குத் தெரியும். முந்தின நாள் சாயந்தரமே நாச்சியம்மாள் ஆபீஸ் வாசலுக்கு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பதினொன்று நாற்பதுக்குச் சின்னம்மா தலையைச் சாய்த்தாள். நாச்சியம்மாள் ஆறாவது பக்கத்தின் கடைசியில் இருந்தாள், பார்க்கவில்லை. சின்னம்மா கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்தபடியே நின்றாள். பிறகு நடந்து போய்க் கக்கூசில் உட்கார்ந்தவள் திரும்பி வரவில்லை. மேஸ்திரி வந்து வெளியே நின்று கத்தினான். உள்ளே இருந்து, "வாரேனுங், வாரேனுங்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். கேட்டில் தம்பிதுரை மரியாதையாகத்தான் பேசினார். "உங்களுக்கு முடியலீங்க. ஊட்ல இருந்து ஒடம்பைப் பாத்துக்குங்க. நாளையிலிருந்து வர வேண்டாமுங்க."

அன்புக்கரசி அளவுகோலை எடுத்து அச்சடித்த தாளின் மேல் வைத்தாள். பதினொன்று நாற்பதுக்கு விழுந்தது. நாற்பத்தி மூன்றுக்குப் புரோகிராம் அந்த ஆறு பக்கத்தையும் மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்திருந்தது. நாற்பத்தி எட்டுக்குக் கோடு பழைய இடத்துக்கு வந்து, அதற்கப்புறம் ஷிப்டு முடிகிற வரை ஆடவில்லை.

எழும் நேரம் என்ற கட்டத்தில் எட்டு நிமிடம் என்று எழுதினாள். காரணம் என்ற கட்டம் ஒன்று இருந்தது. அதற்கு நேராகச் சோதனை வாரங்களில் பஞ்சு, ஈரம், மின்சாரம் என்று எழுதியிருந்தாள். பேனாவை அங்கே வைத்தாள். கட்டம் சிறியது. "ஆள்" என்று எழுதினாள்.